அலை மாறினும் அவை கூடும்

நுழையும்முன்

கைப்பேசியில் பேசுவோர், தம் குரல் எவ்வழியே செல்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கோபுரமும் கம்பியும் செயற்கைக்கோளும் அப்பணியை மறைவாகச் செய்கின்றன. இவற்றின் துணையின்றி, வானத்தையே கண்ணாடியாகக் கொண்டு உரையாடுவோர் இன்றும் உலகெங்கும் உளர். ஹாம்கள் என்று அழைக்கப்படும் அவர்கள் வாரந்தோறும் வானலையில் அவை கூடுகின்றனர். மாறிக்கொண்டேயிருக்கும் இயற்கையோடு அவ்வவை எவ்வாறு ஒத்திசைந்து நிலைபெறுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

புள்ளியும் கோடும்

1844ஆம் ஆண்டு மே 24 அன்று சாமுவேல் மோர்ஸ், வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குக் கம்பிவழியே தந்திச் செய்தி அனுப்பினார். அவர் பெயரால் வழங்கும் குறியீடு, பின்னர்த் திருத்தம் பெற்று உலகப் பொதுவாயிற்று. புள்ளி, கோடு ஆகிய இரண்டே ஒலிகளால் எழுத்துகள் அனைத்தும் அமைகின்றன.

கண்ணிமைக்கும் நேரத்தை அல்லது கைநொடிக்கும் நேரத்தை ஒரு மாத்திரையாகக் கொண்டு எழுத்தின் ஒலியை அளப்பது தமிழ் இலக்கண மரபு. மோர்ஸ் குறியீட்டிலும் இத்தகைய கால அளவு உண்டு. புள்ளி ஓர் அலகு. கோடு மூன்று அலகு. ஓர் எழுத்தின் உறுப்புகளுக்கிடையே ஓர் அலகும், எழுத்துகளுக்கிடையே மூன்று அலகும், சொற்களுக்கிடையே ஏழு அலகும் இடைவெளி விடுதல் வேண்டும். தேர்ந்த ஹாம்கள் புள்ளிகளை எண்ணுவதில்லை. தாளத்தைக் கேட்பதுபோல் எழுத்தின் ஓசையைக் கேட்டு உணர்கின்றனர்.

பேச்சொலியை அனுப்ப ஏறத்தாழ 2,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் அகலமுடைய அலைவெளி தேவை. மோர்ஸ் குறியீட்டுக்கு 100 முதல் 200 ஹெர்ட்ஸ் அகலமே போதும். ஆற்றல் முழுவதும் குறுகிய இடத்தில் குவிவதால், பேச்சு இரைச்சலில் கரைந்துபோகும் வேளையிலும் மோர்ஸ் ஒலி தனித்துக் கேட்கிறது. பழைய முறையாயினும் அது வழக்கொழியாமல் வாழ்வதற்கு இதுவே தலையாய காரணம்.

வானம் என்னும் கண்ணாடி

1901ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று, இங்கிலாந்தின் போல்டு என்னுமிடத்திலிருந்து அனுப்பப்பட்ட மூன்று புள்ளிகளை, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். நேர்கோட்டில் செல்லும் அலை, உருண்டையான புவியின் மறுபுறத்தை எங்ஙனம் எட்டியது? அலைகளைத் திருப்பியனுப்பும் அடுக்கு ஒன்று வானில் இருத்தல் வேண்டும் என்று 1902இல் கென்னலி, ஹெவிசைடு ஆகியோர் கருதினர். அவ்வடுக்கு உண்மையில் உள்ளது என்பதை 1924இல் எட்வர்டு ஆப்பிள்டன் ஆய்வின்வழி உறுதிசெய்தார். மேல்வளிமண்டலம் பற்றிய ஆய்வுகளுக்காக 1947இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சூரியக் கதிர்கள் மேல்வளிமண்டல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிப்பதால் இந்த அயனி மண்டலம் உருவாகிறது. இதன் கீழடுக்கான 'டி' பகற்பொழுதில் மட்டும் வலுவுடன் இருந்து, குறைந்த அதிர்வெண் அலைகளை உறிஞ்சுகிறது. கதிரவன் மறைந்ததும் அது மறையத் தொடங்குகிறது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலுள்ள 'எஃப்' அடுக்கு இரவிலும் எஞ்சி நின்று, அலைகளைப் புவிக்குத் திருப்புகிறது. எனவே, பகலில் சில நூறு கிலோமீட்டருக்குள் ஒலிக்கும் 7 மெகாஹெர்ட்ஸ் அலை, இரவில் கண்டம் கடந்து செல்லும். அப்போது அருகிலுள்ள நிலையத்தின் ஒலி கேளாமற்போவதும் உண்டு. செங்குத்தாக மேலே செல்லும் அலையை வலுவிழந்த 'எஃப்' அடுக்கு திருப்பியனுப்ப இயலாமையே அதற்குக் காரணம்.

அவை கூடும் முறை

குறித்த நாளில், குறித்த நேரத்தில், குறித்த அதிர்வெண்ணில் ஹாம்கள் கூடுவதை 'நெட்' என்பர். தமிழில் இதனை வானலை அவை எனலாம். இதற்கு அவைத்தலைவர் ஒருவர் உண்டு. அவர் முதலில் காதுகொடுத்துக் கேட்கிறார். 'கியூ.ஆர்.எல்.' என்னும் குறியால், அவ்விடத்தில் வேறெவரும் உரையாடுகின்றனரா என வினவுகிறார். மறுமொழி இல்லையெனில் அவையைத் தொடங்குகிறார். நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தம் அழைப்புக்குறியை அனுப்ப, அவர் வரிசைப்படுத்திப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறார்.

நீண்ட தொடர்களுக்கு மாற்றாகச் சுருக்கக்குறிகள் பயன்படுகின்றன. இடியொலி போன்ற இயற்கை இரைச்சல் 'கியூ.ஆர்.என்.', ஒலி ஏறி இறங்குதல் 'கியூ.எஸ்.பி.', 'மெதுவாக அனுப்புக' என்பது 'கியூ.ஆர்.எஸ்.'. அமெரிக்காவின் மிச்சிகன் மாநில அவையொன்று 1930களில், அவை நடத்துவதற்கென்றே 'கியூ.என்.' எனத் தொடங்கும் குறிகளை வழக்கில் கொண்டுவந்தது.

அவையின் வேகம் மிக விரைவாக அனுப்புபவரின் வேகமன்று. மிக மெதுவாக அனுப்புபவரின் வேகமே. புதியவர் தடுமாறினால் அவைத்தலைவரும் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்வது மரபு.

மாற்றத்துக்கு முகங்கொடுத்தல்

கடிகாரம் காட்டும் நேரம் ஒன்றேயாயினும் வானம் வாரந்தோறும் ஒன்றாக இருப்பதில்லை. வட அமெரிக்கா போன்ற மிதவெப்ப மண்டலங்களில், மாலையில் 3.5 மெகாஹெர்ட்சில் கூடும் அவைக்குக் கோடையில் இரு தடைகள் உள்ளன. பொழுது தாழ்ந்தே மறைவதால் 'டி' அடுக்கு நெடுநேரம் நீடிக்கிறது. தொலைவில் பெய்யும் இடிமழையும் இரைச்சலைப் பெருக்குகிறது. குளிர்காலத்தில் இரைச்சல் குறைகிறது; ஆனால், இரவு முதிர்வதற்குள் அருகிலுள்ள நிலையங்கள் ஒன்றையொன்று கேளாமற்போகலாம். இவற்றோடு ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் பெருகிக் குறையும் சுழற்சியும் சேர்ந்துகொள்கிறது. சூரியனில் பெருவெடிப்பு நிகழ்ந்தாலோ, எட்டு நிமிடங்களில் அதன் எக்ஸ் கதிர்கள் புவியை அடைந்து பகற்பகுதியின் சிற்றலைத் தொடர்பை முடக்கிவிடும்.

இங்கு அவைத்தலைவர் முன் கடினமான வினா ஒன்று எழுகிறது. வானத்துக்கேற்ப நேரத்தையும் அதிர்வெண்ணையும் அடிக்கடி மாற்றினால், உறுப்பினர் அவையைத் தேடி அலைவர். எதனையும் மாற்றாவிட்டால், எல்லாரும் வந்திருந்தும் ஒருவர் ஒலி மற்றவர்க்கு எட்டாது. ஒழுங்கும் வேண்டும், நெகிழ்வும் வேண்டும். எனவே, மாற்றத்தையே முன்கூட்டி ஒழுங்குபடுத்துகின்றனர். முதல் அதிர்வெண்ணில் குறித்த நேரம்வரை எவரும் கேளாவிடில் செல்லவேண்டிய மாற்று அதிர்வெண் அனைவர்க்கும் தெரிவிக்கப்படுகிறது. பருவத்துக்கேற்ற நேரமாற்றம் முன்னரே அறிவிக்கப்படுகிறது. தலைவரின் ஒலி எட்டாத பகுதிக்குத் துணைத்தலைவர் ஒருவர் அமர்த்தப்படுகிறார்.

இவற்றினும் சிறந்தது கைமாற்றி அனுப்பும் முறை. 1914இல் ஹார்ட்ஃபோர்டிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தம் செய்தி நேரே எட்டாதபோது, ஹைரம் பெர்சி மாக்சிம் இடையிலிருந்த நிலையமொன்றின் வழியே அதனைச் சேர்ப்பித்தார். அவ்வனுபவமே அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம் தோன்ற வித்திட்டது. தலைவர்க்குக் கேளாத மெல்லிய ஒலி இடையிலுள்ள மற்றொருவர்க்குக் கேட்கக்கூடும். அவர் அதனை வாங்கித் தலைவரிடம் சேர்க்கிறார். தனி நிலையத்தால் இயலாதது அவையால் இயல்கிறது.

தெரியுமா?

சூரியப் புள்ளிகளை நூறாண்டுக்கும் மேலாகப் பதிவுசெய்துவரும் ஆய்வகம் கொடைக்கானலில் உள்ளது. அங்கு 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 சூரிய ஆய்வுத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்தவர்.

அவை தரும் பயன்

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழுவினர் அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து உலக ஹாம்களுடன் உரையாடிக்கொண்டிருந்தனர். 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, அவ்வானொலி நிலையம் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திப் பாலமாயிற்று. உறவினரின் நலமறியத் தவித்தோர்க்கு அதன்வழி விடை கிடைத்தது.

பேரிடர் நாளில் கருவியை வாங்கிவிடலாம். பழக்கத்தை வாங்க இயலாது. எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வூரை எட்டும், இரைச்சலுக்கிடையே மெல்லிய ஒலியைப் பிரித்தறிவது எப்படி, யார் வழியாக யாரை அடையலாம் என்னும் அறிவு வாரந்தோறும் அமர்ந்து கேட்பதால் மட்டுமே வாய்க்கிறது. எவர் ஒலியும் கேளாத வாரங்களும் வரும். அன்றும் அவைத்தலைவர் குறித்த நேரத்தில் அழைக்கிறார், விடைக்காகக் காத்திருக்கிறார். அக்காத்திருப்பும் பயிற்சியே. வலுத்த ஒலிகள் பலவற்றுக்கிடையே மெலிந்த ஒலியொன்றுக்குச் செவிகொடுக்கும் பண்பே வானலை அவையின் உயிர்நாடியாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பெயரைப் புள்ளி, கோடு ஆகியவற்றால் எழுதி, கால அளவு பிறழாமல் மேசையில் தட்டிக் காட்டுக.

2. ஒரே வானொலி நிலையத்தைச் சிற்றலையில் பகலிலும் இரவிலும் ஒரு வாரம் கேட்டு, வேறுபாடுகளைப் பட்டியலிடுக.

குறுவினா

1. பேச்சொலி கேளாத நிலையிலும் மோர்ஸ் ஒலி கேட்பது ஏன்?

2. 'டி' அடுக்கின் இயல்பு யாது?

சிறுவினா

'அவையின் வேகம் மிக மெதுவாக அனுப்புபவரின் வேகமே' – இக்கருத்தை வகுப்பறைச் சூழலோடு பொருத்தி விளக்குக.

நெடுவினா

ஒழுங்கு, நெகிழ்வு ஆகிய இரண்டும் வானலை அவைக்கு இன்றியமையாதன என்பதைப் பாடப்பகுதிகொண்டு நிறுவுக.