அடுத்த கட்டில்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு என்னும் பழம்பெரும் ஊர் அமைந்துள்ளது. 1613 ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வாணிகம் செய்த ஊர் அது. அதனை அடுத்து, கடலுக்கும் நிலத்துக்கும் இடையே பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சில்கா ஏரிக்கு அடுத்த பெருமை உடையது இது. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. தென்கோடி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

ஏரிக்கரைக் குப்பங்களில் வாழும் மீனவரிடையே ‘பாடு’ என்றொரு முறை வழிவழியாக வழங்கி வருகிறது. மீனும் இறாலும் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில், இன்ன முறைக்கு இன்னார் வலையிடலாம் என்று வகுத்துக்கொள்வதே பாடு. நீர் அனைவர்க்கும் பொது. எனினும், ஒவ்வொருவர் உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைப் பிறர் மதித்து நடப்பதனாலேயே பொதுவானது பூசலின்றி நிலைக்கிறது.

பொதுவானதைப் பகிர்ந்து வாழக் கற்ற இம்மக்களையும் கலங்கச் செய்யும் இடம் ஒன்று உண்டு. அதுவே மருத்துவமனையின் பொது அறை. குப்பத்து முதியவர் ஒருவர் காலிற் புண்பட்டு அரசு மருத்துவமனையில் சேர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். அடுத்த கட்டிலில் அண்டைக் குப்பத்து இளைஞன் ஒருவன் படுத்திருக்கிறான். அவன் இடையிடையே இருமுகிறான். முதியவர் செவிலியை அழைத்து, “அம்மா, அந்தத் தம்பிக்கு என்ன நோய்? எனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ?” என்று மெல்ல வினவுகிறார். செவிலி, “பெரியவரே, அவருடைய நோய் அவருக்கும் மருத்துவருக்கும் உரிய செய்தி. உங்களுக்கு நோய் தொற்றாமல் காப்பது எங்கள் பொறுப்பு. அதற்கு வேண்டியது எதுவாயினும் கேளுங்கள், சொல்லுகிறேன்” என்று மறுமொழி கூறுகிறார்.

முதியவரின் அச்சம் பொருளற்றது அன்று. இளைஞனுக்கும் அச்சம் உண்டு. தன் நோயின் பெயர் அடுத்த கட்டிலுக்குத் தெரிந்தால், மாலைப் படகு கரை சேருமுன் அது குப்பம் முழுவதும் பரவிவிடும் என்று அவன் அஞ்சுகிறான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒருவரைக் காக்க மற்றவரின் மறையை வெளியிட வேண்டும் போலத் தோன்றுகிறது. மருத்துவ வரலாறு இதற்கு வேறு விடை கூறுகிறது.

1847 ஆம் ஆண்டில் வியன்னா நகரப் பெருமருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் பணிபுரிந்தார். அங்கே மகப்பேற்று அறை ஒன்றில் தாய்மார் பலர் காய்ச்சலால் இறந்தனர். பிணங்களை அறுத்து ஆராய்ந்த மருத்துவர்கள் அதே கைகளோடு அத்தாய்மாரைச் சோதிப்பதே காரணம் என அவர் உணர்ந்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று விதித்தார். இறப்பு மிகவும் குறைந்தது. அங்கே நோயைச் சுமந்து சென்றது அடுத்த கட்டில் அன்று, கழுவப்படாத கை.

நோய்கள் தொற்றும் வழிகளுள் தொடுதல், இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகள், காற்று ஆகிய மூன்றும் பொது அறையில் முதன்மையானவை. இவற்றை அடைக்கும் முறைகளும் தெளிவானவை. ஒரு நோயாளியைத் தொட்ட கையைக் கழுவிய பின்னரே மற்றவரைத் தொடவேண்டும். கட்டில்களுக்கு இடையே ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். சாளரங்களைத் திறந்து வைத்துக் காற்று வந்து செல்ல வழி செய்யவேண்டும். இருமுவோர் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளவேண்டும். காற்று வழியே பரவும் நோய் என்று மருத்துவர் ஐயுற்றால், அந்நோயாளியை வேறிடத்திற்கு மாற்றவேண்டும். இவற்றுள் எதற்கும் அடுத்த கட்டிலில் இருப்பவர் நோயின் பெயரை அறிந்திருக்க வேண்டுவதில்லை. எல்லா நோயாளிகளிடத்தும் ஒரே வகைக் காப்பு முறையை மேற்கொள்ள வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ நெறி.

மறையைக் காப்பதனால் தொற்றும் குறையும் என்பதற்குச் சென்னையில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி துணை நிற்கிறது. காசநோயாளரை வீட்டினின்றும் பிரித்து, நல்ல காற்றும் உணவும் ஓய்வும் உள்ள ஆரோக்கிய நிலையங்களில் வைப்பதே முன்னாளில் சிறந்த முறையாகக் கருதப்பட்டது. 1928 ஆம் ஆண்டில் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் அத்தகைய நிலையம் ஒன்றை நிறுவினார். ஆனால், நோயாளரின் தொகைக்கு ஏற்ற கட்டில்கள் நாட்டில் இல்லை. ஆகவே 1956 ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தன. வாலஸ் பாக்ஸ் என்னும் மருத்துவ அறிஞர் ஆய்வை நடத்தினார்.

ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளர், குலுக்கல் போன்ற முறையால் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஆரோக்கிய நிலையத்தில் தங்கினர். மறு பிரிவினர் நெருக்கமான தம் வீடுகளிலேயே இருந்தனர். இருசாராருக்கும் ஒரே மருந்துகள் ஓராண்டு தரப்பட்டன. 1959 ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தோருக்கு உணவும் ஓய்வும் குறைவாயிருந்தும், அவர்களும் ஏறத்தாழ மற்றவர்களைப் போன்றே குணமடைந்தனர். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தார் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். நோயாளர் நிலையத்துக்குச் சென்றுவிட்ட குடும்பங்களைக் காட்டிலும் இவர்களிடையே காசநோய் மிகுதியாகத் தோன்றவில்லை.

இதன் உட்பொருள் ஆழ்ந்து எண்ணத்தக்கது. நோயாளி மருந்து உண்ணத் தொடங்கியபின் தொற்றும் ஆற்றல் விரைவில் தணிகிறது. நோய் கண்டறியப்படாமல், மருந்தின்றி இருமித் திரியும் காலமே பேரிடர். அக்காலத்தை நீட்டிப்பவற்றுள் ஒன்று நாணமும் ஊர்ப் பழிக்கு அஞ்சும் அச்சமும் ஆகும். தன் மறை காக்கப்படும் என்று நம்புபவன் முதல் இருமலிலேயே மருத்துவரை நாடுவான். நம்பாதவன் நோயை மறைத்துக்கொண்டு, மனைவி மக்களுக்கும் உடன் படகேறுவோருக்கும் அதனை அளிப்பான். ஆகவே இளைஞனின் மறையைக் காக்கும் செவிலி, முதியவரையும் அவர் குப்பத்தையுமே காக்கிறார்.

1986 ஆம் ஆண்டில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அத்தொற்று தொடுவதாலோ, ஒரே அறையில் துயில்வதாலோ, ஒரு தட்டில் உண்பதாலோ பரவாது. ஆயினும் அறியாமையால் பலர் ஒதுக்கப்பட்டனர். 2017 ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், ஒருவருடைய இசைவின்றி அவர் நிலையை வெளியிடுதல் பொதுவாகக் கூடாது என்று விதித்தது. 2012 ஆம் ஆண்டு முதல் மருத்துவர் காசநோயை அரசுக்கு அறிவித்தல் வேண்டும். அரசு மருந்தும் துணையும் அளிப்பதற்காக அறிவது வேறு. அயலார் அலர் தூற்றுவதற்காக அறிவது வேறு.

நோயாளியைக் காணச் செல்லும் இளைஞரும் சில கடமைகளைப் பேணுதல் வேண்டும். உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் கை கழுவுதல் நன்று. கட்டிலின்மேல் அமர்தல் தகாது. தமக்கே சளியோ காய்ச்சலோ இருப்பின் செல்லாதிருத்தலே அன்பு. அயற்கட்டிலில் தொங்கும் நோய்க்குறிப்பேட்டைப் படித்தலும், கைப்பேசியில் பிறரைப் படம் பிடித்தலும், மருத்துவர் கூறுவதைச் செவிசாய்த்துக் கேட்டலும் பண்பன்று. காதில் விழுந்தாலும் அது வாயினின்று வெளிப்படலாகாது.

ஏரி அனைவர்க்கும் பொது; வலையிடும் முறை அவரவர்க்கு உரியது. மருத்துவமனையின் அறையும் பொது. நோயின் மறை அவரவர்க்கு உரியது. பாட்டின் எல்லையை மதிக்கும் மீனவருக்கு இந்நெறி புதியதன்று. அதனை நீரிலிருந்து கட்டிலருகே கொண்டுவருதலே வேண்டுவது.

வினாக்கள்

1. ‘பாடு’ முறையைப் பொது அறையோடு ஒப்பிட்டு எழுதுக.
2. சென்னையில் நடந்த காசநோய் ஆராய்ச்சியின் முடிவு யாது? அதனால் விளங்குவது என்ன?
3. மறையைக் காத்தல் தொற்றைத் தடுக்கத் துணை செய்வது எங்ஙனம்?