பவளத்தைப் பேணுவது எப்படி?

நம் ஆய்வுக்கூடக் கண்ணாடி அலமாரியில், பல்லாண்டுகளுக்கு முன் யாரோ அன்பளிப்பாகத் தந்த வெண்பவளத் துண்டு ஒன்று இருக்கிறது. தூசி தட்டும் முறை வரும்போதெல்லாம் அதைக் 'கல்' என்றே சொல்லி வந்தோம். ஆனால் அது கல்லன்று. எண்ணற்ற சிற்றுயிர்கள் வாழ்ந்து மறைந்த வீடு! அவ்வுயிர்களை வீட்டு மீன் தொட்டியில் வளர்க்க இயலுமா என்று நமக்குள் ஒரு கேள்வி எழுந்தது. விடை தேடியபோது கற்றவற்றை இங்கே தருகிறோம்.

பவளம் என்பது யாது?

பவளத்தைச் செடி என்றே பலர் நெடுங்காலம் கருதினர். அது விலங்கினமே என்று 18-ஆம் நூற்றாண்டில் எடுத்துரைத்தவர் பெய்சொனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர். பவளத்தின் ஓர் உயிர் 'பாலிப்' எனப்படும். அதற்கு ஒரு வாயும், வாயைச் சுற்றி உணர்நீட்சிகளும் உண்டு. பாறை கட்டும் பவளங்களின் திசுக்களுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியால் உணவு சமைத்துப் பவளத்துக்கு ஊட்டுகிறது. பவளம் பாசிக்கு இடமும் கரியமில வாயுவும் அளிக்கிறது. ஒன்றின்றி மற்றொன்று தழைக்காத நல்ல நட்பு இது!

இடம் தேர்தல்

எடுத்துக்காட்டாக, 'கோனியோபோரா' என்னும் மென்மையான பவளத்தைப் பார்ப்போம். இதன் ஒவ்வொரு பாலிப்பும் 24 உணர்நீட்சிகளுடன் மலர்போல் விரியும். இதைத் தொட்டியின் அடித்தளத்திலோ, தாழ்ந்த பாறை மீதோ அசையாமல் வைக்க வேண்டும். விரிந்த பாலிப்புகள் பாறையில் உரசினால் சதை கிழிந்து அழுகும். அண்டைப் பவளங்கள் ஒன்றையொன்று கொட்டும் இயல்புடையவை. ஆதலால் சுற்றிலும் ஒரு சாண் இடமாவது விடுதல் நலம்.

நீரோட்டம் பாலிப்புகளை மெல்ல அசைத்தால் போதும். ஒரே பக்கமாகப் பீறிட்டு அடிக்கக் கூடாது. புதிதாக வந்த பவளத்துக்கு முதலில் மங்கிய ஒளி தந்து, சில வாரங்களில் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். இடம் மாற்ற நேர்ந்தால், பாலிப்புகள் முழுதும் உள்ளொடுங்கிய பிறகே எலும்புக்கூட்டைப் பிடித்துத் தூக்க வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு

நீரின் வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியசும், உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராமும், கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராமும் இருத்தல் நன்று. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த அளவுக்குத் தூய நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் உப்பு மிகும். குளோரின் கலந்த குழாய் நீர் ஆகாது. பாசி தரும் உணவு மட்டும் கோனியோபோராவுக்குப் போதாது. மிகச் சிறிய மிதவை உயிர்களையும் அளவாக ஊட்ட வேண்டும். மிஞ்சினால் நீர் கெடும்.

இத்தனை செய்தும் கோனியோபோரா பலரை ஏமாற்றியிருக்கிறது. முதல் மாதங்களில் அழகாக விரிந்து, பின்னர் மெல்ல மெல்லச் சுருங்கி மடியும். பார்வைக்கு நலமாக இருப்பது வேறு, உண்மையில் நலமாக இருப்பது வேறு!

நாம் வளர்க்கலாமா?

வெளிநாடுகளில் தொட்டியிலேயே வெட்டிப் பெருக்கிய துண்டுகளை வாங்கி வளர்ப்போர் உண்டு. நம் நாட்டிலோ பாறை கட்டும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். இதற்குக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. அவற்றைக் காத்து நின்ற பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததும் அதற்குக் காரணமாயிற்று. எஞ்சியவற்றையும் வெப்பம் விடவில்லை. கடல் நீர் அளவு மீறிச் சூடேறினால் பவளம் தன் பாசித் தோழியை இழந்து வெளுத்துப் போகும். 2010-லும் 2016-லும் அங்கே இவ்வாறு நேர்ந்தது.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. தூத்துக்குடி ஆய்வாளர்கள் 2002 முதல் பவளக் கிளைத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வருகின்றனர். இடம், ஒளி, நீரோட்டம், இடைவெளி என்று நாம் மேலே கண்ட கவனம் அங்கும் தேவைப்படுகிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில் அழிந்துவரும் பவளப் பாறைகளுக்காகவும் வருந்தியுள்ளார். தோழியரே, பவளம் வளர்க்கும் தொட்டியை இறைவன் நம் கரையருகிலேயே அமைத்துத் தந்திருக்கிறார். அதில் குப்பையும் நெகிழியும் சேராமல் காப்பதே நம் பங்கு. கடற்கரைக் கடைகளில் பவளத் துண்டை விலை பேசும் பெற்றோரிடம், "இது கல்லன்று, வீடு" என்று பணிவுடன் எடுத்துச் சொல்வோம். நம் அலமாரித் துண்டின் கீழேயும் இப்போது அவ்விரு சொற்களையே எழுதி வைத்திருக்கிறோம்: 'கல்லன்று, வீடு'.