அளவுக்கா, ஃபுல் டேங்கா? பங்க்கில் போனை நீட்டுமுன்

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தியதும் இரண்டு கேள்விகள் வரும். "எவ்வளவுக்கு?" என்பது ஒன்று. "கேஷா, ஜிபேயா?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கான விடை முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. "இருநூறுக்கு" என்று சொன்னால் தொகை முன்கூட்டியே தெரியும். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு போடச் சொல்லலாம். "ஃபுல் பண்ணுங்க" என்றால் மீட்டர் நின்ற பிறகுதான் தொகை தெரியும். கடையில் எடுத்த சோப்பைத் திருப்பி வைத்துவிடலாம். டேங்கில் இறங்கிய பெட்ரோலைத் திருப்பித் தர வழியில்லை. அதனால் பணம் போகாமல் சிக்கினாலும், அந்தச் சிக்கல் பெட்ரோல் இறங்குவதற்கு முன்பே தெரிந்துவிட வேண்டும்.

ஒருமுறை கந்தர்வகோட்டைப் பக்கம் இரவு ஒன்பது மணிக்கு ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டுவிட்டு ஸ்கேன் செய்தேன். என் கணக்கில் பணம் கழிந்தது. பங்க் மிஷினில் எதுவும் வரவில்லை. வசூலில் குறைந்தால் தன் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே பெட்ரோல் போட்ட இளைஞர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற டிராக்டர்க்காரர் ஐந்நூறு கொடுத்து உதவினார். மறுநாள் காலையில் அவருக்கு அனுப்பிவைத்தேன். கழிந்த பணம் நான்காம் நாள் திரும்பி வந்தது. அன்றிலிருந்து இருசக்கர வண்டிக்கு எப்போதும் தொகை சொல்லி, முதலில் பணம் கட்டிவிட்டே போடச் சொல்கிறேன். எந்த ஊழியரும் இதற்கு முகம் சுளித்ததில்லை. பலர் நிம்மதியாகத்தான் தலையசைத்தார்கள்.

அளவு சொல்லிப் போடுகிறவர்களுக்கு என் முதல் தேர்வு யுபிஐ லைட். 2022 செப்டம்பரில் வந்தது இது. சாதாரண யுபிஐயில் ஒவ்வொரு முறையும் பின் நம்பர் போட வேண்டும். செய்தி உங்கள் வங்கியின் சர்வர் வரை போய்த் திரும்ப வேண்டும். மாலை நேரத்தில் வங்கி சர்வர் திணறினால் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டியதுதான். லைட்டில் கொஞ்சம் பணத்தை முன்பே ஒதுக்கி வைத்துவிடுகிறோம். பின் கேட்காது, வங்கியின் மையக் கணக்கையும் ஒவ்வொரு முறையும் தட்டாது. தொடக்கத்தில் ஒரு தடவைக்கு 200 ரூபாய்தான் அனுமதி. 2023இல் 500 ஆனது. 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அதை 1000 ரூபாயாகவும், வைத்திருக்கக்கூடிய மொத்த இருப்பை 2000இலிருந்து 5000 ஆகவும் உயர்த்துவதாக அறிவித்தது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும் நாளிலும் ஒரு பைக்குக்கோ ஸ்கூட்டிக்கோ ஆயிரம் ரூபாய் தாராளம். இன்னொரு நன்மை: பாஸ்புக்கில் நூறு, நூற்றைம்பது என்று வரி வரியாக நிறையாது.

லைட்டுக்கும் நெட் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஆவுடையார்கோவில் தாண்டி மீமிசல் போகும் வழியிலும், பொன்னமராவதிப் பக்கத்துக் குன்றுகளின் ஓரத்திலும் என் போனில் கோடு ஒன்றிரண்டாக இறங்கிவிடுகிறது. அங்கே எந்த ஆப்பும் ஒன்றுதான். பின் கேட்காததால் திறந்துகிடக்கும் போன் யார் கையில் சிக்கினாலும் லைட் இருப்பு அவர்களுடையது. எனவே ஸ்கிரீன் லாக் கட்டாயம். ஐயாயிரம் வைக்கலாம் என்பதற்காக ஐயாயிரத்தையும் போட்டுவைக்க வேண்டாம். ஒரு வாரப் பெட்ரோல் செலவு போதும். புதுப் போன் வாங்கினால் பழைய போனில் இருக்கும் லைட் பணத்தை முதலில் கணக்குக்குத் திருப்பிவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

ஸ்கேன் செய்வதிலும் இரண்டு வகை உண்டு. தூணில் ஒட்டியிருக்கும் அட்டை ஒன்று. மிஷின் திரையில் அந்த நேரத்துக்கென்று வரும் கியூஆர் மற்றொன்று. இரண்டும் இருந்தால் மிஷினைக் கேளுங்கள். தொகை அதிலேயே வந்துவிடும், 200க்குப் பதில் 2000 என்று விரல் தவறாது, பணம் வந்ததும் மிஷினே சீட்டு அடிக்கும். அட்டை என்றால் பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயர் அந்தப் பங்க்கின் பெயர்தானா என்று பாருங்கள். அசல் அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றும் மோசடிகள் நாடெங்கும் நடந்திருக்கின்றன. "மிஷின் ஒர்க் ஆகல, என் நம்பருக்குப் போடுங்க" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது கடைக்குக் கட்டிய பணமாகக் கணக்கில் வராது, தகராறு வந்தால் உங்கள் பக்கம் ஆதாரமும் இருக்காது.

இனி ஃபுல் டேங்க். காருக்குப் போடுகிறவர்களுக்கு இதுதான் வழக்கம். இங்கே தட்டிக் கட்டும் கார்டு நல்லது. கார்டையோ, கார்டைச் சேர்த்துவைத்த போனையோ மிஷின் அருகே காட்டினால் போதும். 2021 ஜனவரி 1 முதல் 5000 ரூபாய் வரை பின் இல்லாமல் தட்டலாம். அதற்கு முன் 2000தான். போனில் தட்டுவதற்கு என்எஃப்சி வசதி உள்ள கைபேசி வேண்டும். சாம்சங் போன்களில் 2017 முதலே இது உண்டு, சில வங்கிகளின் ஆப்பிலும் கிடைக்கிறது. போன் வழியே தட்டும்போது கார்டின் உண்மையான எண் மிஷினுக்குப் போவதில்லை, மாற்று எண்தான் போகிறது. இந்த முறையில் நெட் தேவைப்படுவது மிஷினுக்கு. உங்கள் போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். புதுக் கார்டு தட்டியும் ஏற்கவில்லை என்றால் பதற வேண்டாம். இந்த வசதி மூடியே வரும். வங்கி ஆப்பில் திறந்துவிட வேண்டும்.

கிரெடிட் கார்டு என்றால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எரிபொருளுக்கு வழக்கமாக 1 சதவீதம் சர்சார்ஜ் விழும். பல வங்கிகள் 400 முதல் 5000 ரூபாய் வரையான தொகைக்கு அதைத் திருப்பித் தருகின்றன. அதன் மேல் விழும் 18 சதவீத ஜிஎஸ்டியை மட்டும் தருவதில்லை. 2000 ரூபாய்க்குப் போட்டால் சர்சார்ஜ் 20, ஜிஎஸ்டி 3 ரூபாய் 60 காசு. இருபது திரும்பிவிடும், மூன்று அறுபது போகும். 300 ரூபாய்க்குத் தட்டினால் திரும்ப வர எதுவுமில்லை, 3 ரூபாய் 54 காசு முழுதாகப் போகும். பைக்குக்கு கிரெடிட் கார்டு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து ஸ்கேன் செய்கிறவர்களும் தங்கள் வங்கியின் எரிபொருள் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். பணமதிப்பிழப்புக்குப் பின் 2016 டிசம்பரில் கொடுத்த 0.75 சதவீதத் தள்ளுபடி இன்னும் உண்டு என்று நம்புகிறவர்களைப் பார்க்கிறேன். கிரெடிட் கார்டுக்கு அது 2019 அக்டோபர் 1ஆம் தேதியோடு நின்றுவிட்டது. கார்டுக்கு வங்கிகள் பிடிக்கும் கட்டணம் யார் தலையில் விழும் என்பது பழைய சண்டை. 2017 ஜனவரியில் பங்க் உரிமையாளர்கள் இனிக் கார்டே வாங்க மாட்டோம் என்று அறிவித்து, அரசு தலையிட்ட பிறகு அதைத் தள்ளிவைத்தார்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் யுபிஐக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடமே கட்டணம் கிடையாது. உங்களிடம் கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்தப் பெண்களின் மகள்கள் இன்று கீரமங்கலத்திலும் அறந்தாங்கியிலும் ஸ்கூட்டியில் வந்து பங்க்கில் நிற்கிறார்கள். ஆனால் கியூஆரைப் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டு, "அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டுக் காத்திருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அது என்னை வருத்துகிறது. தன் பெயரில் கணக்கு, தன் போனில் யுபிஐ என்பதுதான் நேர்வழி. அது உடனே முடியாதவர்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த யுபிஐ சர்க்கிள் இருக்கிறது. ஒருவரின் கணக்கிலிருந்து குடும்பத்தில் மற்றொருவர் தன் போனில் கட்டலாம். அதில் இரண்டு விதம். ஒவ்வொரு முறையும் கணக்குக்காரர் ஒப்புதல் தருவது ஒன்று. மாதம் 15,000 ரூபாய்க்குள் வரம்பு வைத்து முழுப் பொறுப்பையும் கொடுத்துவிடுவது மற்றொன்று. பங்க்குக்கு இரண்டாவதுதான் சரி. முதலாவதில் அவர் வயலில் இருந்தால் நீங்கள் இங்கே வரிசையை மறித்துக்கொண்டு நிற்பீர்கள்.

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் வழி இருக்கிறது. *99# என்று அடித்தால் நெட் இல்லாமலே யுபிஐ நடக்கும். 2022 மார்ச்சில் வந்த 123பே மூலம் குரல் அழைப்பிலும் கட்டலாம். ஆனால் படிப்படியாக எண்களை அழுத்திக்கொண்டு போக வேண்டும். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும்போது எழுபது வயதுக்காரர் அதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு ரொக்கமே நல்லது.

லாரி, டெம்போ வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு. டிரைவரிடம் ரொக்கம் கொடுக்காமல் இருக்க இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட், எச்பியின் டிரைவ் டிராக் பிளஸ் ஆகிய கார்டுகள் இருக்கின்றன. எந்த வண்டி, எந்த ஊர், எவ்வளவு என்று பதிவாகும். பூதக்குடி, லெம்பலக்குடி சுங்கச்சாவடிகளைத் தினமும் கடக்கிறவர்கள் பாஸ்டாக் இருப்பிலிருந்தே டீசலுக்குக் கட்டும் வசதியைப் பற்றிக் கேட்கிறார்கள். சில வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து அதைக் கொண்டுவந்தன. உங்கள் வழக்கமான பங்க்கில் ஏற்கிறார்களா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

"மொபைல் பயன்படுத்தாதீர்" என்ற போர்டுக்குக் கீழேயே ஸ்கேன் அட்டை தொங்குகிறதே என்று பலரும் கேட்பார்கள். பங்க் தீ விபத்துகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்காவின் பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிடியூட், செல்போனால் பற்றிய தீ என்று உறுதியான ஒன்றையும் காணவில்லை; உடம்பில் சேரும் நிலைமின்சாரமே பெரிய குற்றவாளி. இருந்தாலும் போர்டை மதியுங்கள். டேங்க் மூடி திறந்திருக்கும்போது போனில் கண்ணை வைப்பதே தவறு. மீட்டரில் பூஜ்யம் பார்க்கவும் மறப்போம். முதலில் பணம் என்ற முறையில் இந்தச் சிக்கலும் தீர்கிறது: தள்ளி நின்று கட்டி, போனைப் பையில் போட்டுவிட்டு வண்டிக்கு வரலாம்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் வண்டியில் இருநூறு ரூபாய் ரொக்கம் இருக்கட்டும். திருக்கோகர்ணத்து பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசைத் தனியாக அடித்துப் புழங்கிய சமஸ்தானம் நம்முடையது. ஓர் அணாவுக்கு இருபது காசு. அந்தப் பழமைக்காக நான் ரொக்கத்தைச் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்காகச் சொல்கிறேன். ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கம் தென்னைகள் சாய்ந்து, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. போன் சார்ஜ் போடவே ஜெனரேட்டரைத் தேடி அலைந்தோம். அந்த நாட்களில் கையில் நோட்டு இருந்தவர்களுக்குத்தான் டீசல் கிடைத்தது.

பணம் கழிந்து பங்க்குக்கு வரவில்லை என்றால் உடனே இரண்டாவது முறை அனுப்பாதீர்கள். ஓரிரு நிமிடம் பொறுத்து நிலவரத்தைப் பாருங்கள். தோல்வி என்று தெரிந்தபின் ரொக்கமாகக் கட்டி, பில் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதிப்படி, கடையில் கட்டி இப்படிச் சிக்கிய யுபிஐ பணம் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். நீங்கள் கேட்காமலே தர வேண்டும். ஆப்பிலேயே புகாரைப் பதிந்து, வங்கிக்கும் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. மோசடி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எங்கே போனாலும் அவர்கள் முதலில் கேட்பது அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைத்தான். பங்க்கை விட்டு வண்டியை எடுக்கும் முன் அந்தத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.