பயணப் பணம் எப்போது கைக்கு வரும்?

நாம் உட்காரும் நாற்காலி, தன் அணுக்களின் மின் ஈர்ப்பில் சுருங்கி நொறுங்கிவிடாமல் இருப்பது ஏன்? பருப்பொருளின் இந்த நிலைத்தன்மைக்கு ஃப்ரீமன் டைசனும் ஆண்ட்ரூ லெனார்டும் 1967இல் கணித நிரூபணம் தந்தார்கள். 1975இல் எலியட் லீப், வால்டர் திர்ரிங் இருவரும் அதைவிடச் சுருக்கமான வழியைக் கண்டார்கள். இந்தத் துறையில் ஆய்வு செய்யும் மாணவருக்கு, மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும் சர்வதேசக் கணித இயற்பியல் மாநாடு ஒரு பெரிய வாசல். 2018இல் மான்ட்ரியல், 2021இல் ஜெனீவா, 2024இல் ஸ்ட்ராஸ்பர்க் என்று ஊர் மாறும். செலவு மட்டும் குறையாது.

இந்தியாவில் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு விமானச் சீட்டு, பதிவுக் கட்டணம், ஒரு வார அறை வாடகை எல்லாம் சேர்ந்தால் சில மாத உதவித்தொகை கரைந்துவிடும். போதாததற்கு ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, அதோடு குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. எனவே நிதியைத் தேடும்போது எவ்வளவு தருகிறார்கள் என்பதைவிட, எப்போது தருகிறார்கள் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பலரும் முதலில் நாடுவது அரசின் பயண உதவியை. முன்பு அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (செர்ப்) நடத்திய இத்திட்டம் இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. விமானக் கட்டணம், பதிவுக் கட்டணம், விசாக் கட்டணம் எல்லாவற்றுக்கும் வழி உண்டு. தொகையில் இதை மிஞ்சுவது அரிது. ஆனால் பணம் பெரும்பாலும் பயணம் முடிந்து திரும்பிய பிறகுதான் கைக்கு வரும். அரசுப் பணத்தில் பறப்பவர்கள் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்று முகவர்கள் வழியாகவே சீட்டு வாங்க வேண்டும் என்பது 2022இல் வந்த விதி. போர்டிங் பாஸைத் தொலைத்தால் பில் நிற்கும். வீட்டில் கையிருப்பு உள்ளவருக்கு இது நல்ல வழி. கடன் வாங்கித்தான் பறக்க வேண்டும் என்றால், முன்பணம் தர முடியுமா என்று தன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சீட்டுப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுவது அவசியம்.

கணிதப் பக்கம் சாய்ந்த ஆய்வாளர்களுக்குத் தேசிய உயர் கணித வாரியமும் உண்டு. அங்கே முழுச் செலவையும் எதிர்பார்க்காமல், வேறொன்றோடு சேர்த்துத் திட்டமிடுவது நல்லது.

இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரில் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தின் வழி வேறு. அங்கே பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குப் பதிவுக் கட்டணமே இல்லை. வளரும் நாடுகளிலிருந்து தேர்வாகிறவர்களுக்குத் தங்குமிடமும் படியும் கிடைக்கும். விமானக் கட்டணத்தில் பாதியாவது சொந்த நாட்டில் திரட்டப் பாருங்கள் என்று மையமே சொல்லும். அங்கே படுக்கையும் சாப்பாடும், இங்கே விமானச் சீட்டு என்ற இந்தக் கூட்டு, முதல்முறை வெளிநாடு போகிறவருக்கு மற்ற எதையும்விடப் பொருத்தமானது. மாநாட்டின் பெரும்பெயர் இல்லையே என்று தயங்க வேண்டாம். பல நாட்கள் நீளும் பட்டறையில் கேள்வி கேட்கவும் கரும்பலகை முன் நிற்கவும் கிடைக்கும் நேரம் பெரிய மாநாட்டில் கிடைப்பதில்லை.

நெறியாளரின் ஆய்வுத் திட்டத்தில் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒதுக்கீடு இருந்தால் அது வேகமான வழி. கேட்கத் தயங்கியே பல மாணவர்கள் அதை இழக்கிறார்கள். பெங்களூரில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமான சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையம் (ஐசிடிஎஸ்) நடத்தும் நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. உலக அறிஞர்கள் இங்கேயே வருகிறார்கள், விசாவும் வேண்டாம்.

ஐரோப்பாவுக்குப் போவதானால், எந்த நிதியைத் தேர்ந்தாலும் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். மாநாட்டுக் குழுவின் அழைப்புக் கடிதத்தில் எந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பது வரி வரியாக இருக்கட்டும்: தூதரக அதிகாரியும் நிதி தரும் அலுவலகமும் தேடுவது அந்த வரிகளைத்தான்.