கால்பந்தாட்ட வீரரும் நாட்டு நடப்பும்

'விளையாட்டு வீரனுக்கு விளையாட்டுப் போதும். நாட்டு நடப்பைப் பற்றிப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.' இக்கருத்தை நாம் அடிக்கடி கேட்கிறோம். விடுதியின் உணவுக்கூடத்தில் கேட்கிறோம். செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்திலும் படிக்கிறோம். கேட்டவுடன் சரியென்றே தோன்றுகிறது. பந்தை உதைத்துப் பழகியவர் சட்டத்தையும் சமுதாயத்தையும் பற்றிச் சொல்வதற்குத் தனி மதிப்பு என்ன என்ற வினாவும் எழுகிறது. ஆயினும், தோன்றியதையே முடிந்த முடிபாகக் கொள்ளாமல் ஆராய்ந்து பார்ப்பது மாணவர்க்கு அழகு. ஆதலின், இவ்வாறு கூறுவோர் காட்டும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நடந்த நிகழ்ச்சிகளோடு வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

அவர்கள் காட்டும் காரணங்கள் மூன்று. விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்பது ஒன்று. வீரருக்கு அத்துறையில் அறிவு போதாது என்பது மற்றொன்று. சம்பளம் கொடுக்கும் கழகத்துக்கு அவர் கட்டுப்பட்டவர் என்பது மூன்றாவது.

முதற்காரணத்தைப் பார்ப்போம். 1973ஆம் ஆண்டு செப்டம்பரில் தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். தலைநகராகிய சாந்தியாகோவின் தேசிய விளையாட்டரங்கம் சிறைக்கூடமாயிற்று. ஆயிரக்கணக்கான மக்கள் அங்கே அடைக்கப்பட்டனர். பலர் சித்திரவதை செய்யப்பட்டனர். அதே அரங்கில், அதே ஆண்டு நவம்பரில், உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டம் ஒன்று நடைபெற வேண்டியிருந்தது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய ஃபிஃபாவின் குழு ஒன்று அரங்கை வந்து பார்த்து, ஆட்டத்துக்கு ஏற்றது என்று சொல்லிச் சென்றது. எதிரணியாகிய சோவியத் அணி வர மறுத்தது. நவம்பர் 21ஆம் நாள், எதிரில் ஒருவருமில்லாத களத்தில், சிலி வீரர்கள் பந்தைக் கொண்டுபோய் வெற்று வலையில் தள்ளினார்கள். சிலிக்கு உலகக் கோப்பையில் இடம் கிடைத்தது.

அன்று ஃபிஃபா அரசியலில் கலந்துகொள்ளவில்லை என்று யாரேனும் சொல்ல இயலுமா? 'அரசியல் வேண்டா' என்று அது வாய் மூடியிருந்தது. ஆனால் அந்த மௌனம் யாருக்குப் பயன்பட்டது? படைத்தலைவர்களுக்கே பயன்பட்டது. அரசியலை விளையாட்டுக்குள் கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் வீரர்கள் அல்லர்; அஃது ஏற்கெனவே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. வீரர் வாய் திறக்கும்போதுதான் அது நம் கண்ணுக்குப் படுகிறது. அந்தச் சிலி அணியைச் சேர்ந்த கார்லோஸ் காஸ்லி என்பவர், ஆட்சித் தலைவர் பினோசே நீட்டிய கைக்குத் தம் கையைக் கொடுக்க மறுத்தார் என்பதை இன்றும் அந்நாட்டு மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. கொடுக்காத கையே பேசிவிட்டது.

இனி, இரண்டாவது காரணம். வீரருக்கு அறிவு போதாது என்பது. எல்லாத் துறையிலும் எல்லாருக்கும் அறிவு இருப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அறிவு நூலிலிருந்து மட்டும் வருவதன்று. பட்ட பாட்டிலிருந்தும் வரும். இங்கிலாந்தில் மார்க்கஸ் ராஷ்ஃபோர்டு என்னும் வீரர் 2020ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வெளிப்படைக் கடிதம் எழுதினார். கொள்ளை நோயால் வேலையிழந்த குடும்பங்கள் மிகுந்திருந்த காலம் அது. ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி வழியே கிடைத்துவந்த உணவு உதவியைக் கோடை விடுமுறையில் நிறுத்திவிட அரசு எண்ணியிருந்தது. அதை நிறுத்த வேண்டா என்பதே அவர் வேண்டுகோள். தாம் சிறுவயதில் அத்தகைய இலவச உணவை உண்டு வளர்ந்தவர் என்பதையும், தம் தாய் நாள் முழுதும் உழைத்தும் வீட்டில் உணவு போதாமற்போனதையும் அதில் எழுதியிருந்தார். மறுநாளே அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஏறத்தாழ 13 இலட்சம் குழந்தைகள் பயன்பெறத்தக்க 12 கோடி பவுன் திட்டம் வந்தது. அப்போது அவருக்கு வயது 22.

பள்ளி மதிய உணவின் அருமை நமக்குச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. பசியைப் பற்றிப் பேசப் பொருளாதாரப் பட்டம் வேண்டுமா? அந்தப் பொருளில் அவரைவிடக் கற்றவர்கள் அவையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ராஷ்ஃபோர்டின் சொல் எடுபட்டதற்கு அவருடைய புகழ் ஒரு காரணம். தாம் அறிந்ததை மட்டும் பேசினார் என்பது அதனினும் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

மூன்றாவது காரணத்துக்கு வருவோம். கழகம் சம்பளம் தருகிறது. ஆகவே வீரர் அடங்கியிருக்க வேண்டும் என்பர். இங்கே பிரேசில் நாட்டுக் கழகம் ஒன்றின் வரலாற்றை நண்பர்கள் அறிந்துகொள்வது நலம். சாவோ பாலோ நகரத்தின் கொரிந்தியன்ஸ் கழகம் 1982 முதல் 1984 வரை ஒரு புதுமையைச் செய்தது. அப்போது அந்நாட்டில் 1964இல் தொடங்கிய படையாட்சி நடந்துகொண்டிருந்தது. நாட்டில் மக்களுக்கு முழுமையாக இல்லாத வாக்குரிமையைக் கழகத்துக்குள் எல்லார்க்கும் கொடுத்தார்கள். ஆட்டக்காரர், பயிற்றுநர், உடைகளைப் பேணும் பணியாள் ஆகிய எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. எப்போது பயிற்சி, எங்கே தங்குவது என்பன எல்லாம் வாக்கெடுப்பால் முடிவாயின. இதற்கு முன்னின்றவர்களுள் ஒருவர், மருத்துவப் பட்டமும் பெற்றிருந்த சாக்ரட்டீஸ் என்னும் வீரர். 1982 நவம்பர்த் தேர்தலுக்கு முன், '15ஆம் நாள் வாக்களியுங்கள்' என்னும் சொற்களை முதுகிலே தாங்கி அவ்வணியினர் களத்தில் இறங்கினார்கள். ஆட்டம் கெட்டதா? 1982, 1983 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மாநில வாகையர் பட்டம் அவர்களுக்கே கிடைத்தது.

1984 ஏப்ரலில், குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கூடிய பெருங்கூட்டத்தில் சாக்ரட்டீஸ் பேசினார். அதற்கான சட்டத்திருத்தம் நிறைவேறினால் தாம் வெளிநாட்டுக் கழகத்துக்குப் போகாமல் தாய்நாட்டிலேயே இருந்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். திருத்தத்துக்கு 320 வாக்குகள் தேவை, கிடைத்தவை 298. அவர் இத்தாலிக்குச் சென்றார். மக்கள் நேரடியாக வாக்களித்த தலைவர் தேர்தல் 1989இல் தான் நடந்தது. வீரர் பேசினால் உடனே வெற்றி கிட்டும் என்று எண்ணுவோர் இதனையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கழகங்களும் எப்போதும் ஒரே அளவுகோலை வைத்திருப்பதில்லை. மெசுட் ஓசில் என்னும் வீரர் 2019 டிசம்பரில், சீனாவில் உய்கூர் மக்கள் படும் துன்பத்தைப் பற்றி எழுதினார். அவர் ஆடிய ஆர்சனல் கழகம், தான் அரசியலில் ஈடுபடாத நிறுவனம் என்று சொல்லி விலகி நின்றது. சீனத் தொலைக்காட்சி அக்கழகத்தின் ஆட்டம் ஒன்றை ஒளிபரப்பாமல் நிறுத்தியது. ஆறு திங்கள் சென்றன. 2020 ஜூனில் அக்கழகம் ஆடும் அதே போட்டித் தொடரில், கறுப்பின மக்களின் உயிருக்கும் மதிப்புண்டு என்ற முழக்கத்தை எல்லா வீரர்களும் சட்டையில் பெயருக்குப் பதிலாகத் தாங்கினார்கள். அது நல்ல செயலே. ஆனால் வாணிகத்துக்கு இடையூறு வராத பேச்சு மட்டும் ஏற்கப்படுகிறதோ என்ற ஐயம் எழுவது இயல்பன்றோ? அதே ஓசில் 2018இல் துருக்கித் தலைவர் எர்டோகனுடன் நின்று படம் எடுத்துக்கொண்டு பெருங்கண்டனத்துக்கு ஆளானவர் என்பதையும் மறைக்கக் கூடாது. பேசும் வீரர் கேள்விக்கு அப்பாற்பட்டவர் அல்லர். பேச அவருக்கு உரிமை உண்டு. அதை மறுத்துரைக்க நமக்கும் உரிமை உண்டு.

இதுவரை கூறியவற்றால், வீரர் பேசலாம் என்பது பெறப்படும். பேசியே ஆகவேண்டுமா என்பது வேறு வினா. இதற்கு 2022இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பை விடை கூறுகிறது. அவ்வாண்டு செப்டம்பரில், காவலில் இருந்த மாசா அமினி என்னும் இளம்பெண்ணின் மரணத்தால் ஈரான் நாடே கொந்தளித்தது. நவம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்துடன் ஆடுமுன், ஈரான் வீரர்கள் தங்கள் நாட்டுப்பண்ணைப் பாடாமல் நின்றார்கள். நான்கு நாள் கழித்து வேல்ஸ் அணியுடன் ஆடுமுன் பாடினார்கள். முன்னது கண்டு அரசின் பக்கத்தார் சினந்தார்கள். பின்னது கண்டு போராடியவர்களுள் சிலர் இகழ்ந்தார்கள். ஊரில் குடும்பம் இருக்க, தலைமேல் அச்சம் தொங்க, நின்ற அந்தப் பதினொருவரை நோக்கி 'ஏன் பாடினாய்?' என்று கேட்கும் தகுதி, பார்வையாளர் இருக்கையில் அமர்ந்திருந்த யாருக்கு உண்டு? இழப்பைத் தாங்கப்போகிறவர் அவர். ஆகவே பேசுவதா, அடங்குவதா என்று முடிவு செய்ய வேண்டியவரும் அவரே.

நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. 2008ஆம் ஆண்டு, இந்திய அணியின் தலைவராயிருந்த பாய்ச்சுங் பூட்டியா, திபெத்து மக்கள்பால் கொண்ட பரிவினால் ஒலிம்பிக் சுடரைத் தாங்கி ஓட மறுத்தார். 2023 மே மாதம், தில்லியில் போராடிய மல்யுத்த வீராங்கனையரைக் காவலர் இழுத்துச் சென்றபோது, அவ்வாறு நடத்துவது முறையன்று என்று அணித்தலைவர் சுனில் சேத்திரி எழுதினார். இருவரும் முழங்கவில்லை, தமக்குச் சரியென்று பட்டதைச் சில சொற்களில் கூறினார்கள். நம் அரசமைப்பின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையைக் குடிமக்கள் அனைவர்க்கும் வழங்குகிறது. காலணி மாட்டியவர்க்கு இல்லை என்று அதில் எழுதப்படவில்லை.

இவ்வளவும் கால்பந்தாட்டத்தோடு நின்றுவிடும் செய்தியா? தாய்மொழி வழங்கும் நிலத்தை விட்டு இத்தனை தொலைவு வந்து பயிலும் நம்மை நோக்கியும் இவ்வாறே அறிவுரை கூறுவார்கள். 'படிக்க வந்தவன் படித்துவிட்டுப் போ, உனக்கேன் ஊர்வம்பு?' என்பார்கள். அறிவுரையில் அன்பும் கலந்திருக்கலாம். ஆனால் அதை அப்படியே ஏற்றால், ஆட்டக்காரருக்கு ஆட்டம், மாணவர்க்குப் பாடம், தொழிலாளிக்குத் தொழில் என்று ஒவ்வொருவராக வாய் மூடிய பின், நாட்டைப் பற்றிப் பேச எஞ்சியிருப்பவர் யார்?

அமைச்சனுக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லிவரும் வள்ளுவர், அவையறிதல் என்று ஓர் அதிகாரத்தை வைத்து, அதனை அடுத்தே அவையஞ்சாமை என்னும் அதிகாரத்தை வைத்தார். அமைச்சனுக்குச் சொன்ன இவ்வொழுங்கு வீரருக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும். அறிந்ததைப் பேசுவோம், அறியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம், பேசத் துணிந்தவரை அவர் தொழிலைக் காட்டி அடக்காதிருப்போம், பேச இயலாதவரைக் கோழை என்று தூற்றாதிருப்போம்.