விலை வீழ்ச்சியும் கடைப்பற்றும்



ரப்பர் விலை விழுந்தால் கெடாவில் வியாபாரம் மந்தமாகும் என்பது நாம் யாவரும் அறிந்ததே. ஆனால் அந்த நஷ்டம் எவ்வழியாக நம் பேரேட்டுக்குள் நுழைகிறது என்று சிந்திப்போர் சிலரே. அதை இங்கு ஆராய்வோம்.

தோட்டத்தில் முதலில் குறைவது கூலி. அடுத்து வேலை நாட்கள். அதன் பின் ஆட்கள். 1930இல் உலக மந்தம் மலாயாவைத் தாக்கியபோது இதுவே நடந்தது. 1928இல் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக நிர்ணயிக்கப்பட்டிருந்தன. மந்தம் வந்ததும் அது வெட்டப்பட்டது. தமிழகத்தில் ஆள் சேர்ப்பது 1930இலேயே நிறுத்தப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் குடியேற்ற நிதியின் செலவில் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். தோட்டத்தின் சுமை இவ்வாறு தமிழகத்துக் கிராமங்களின் தலையில் இறங்கியது. கடன்பட்டவர் கப்பலேறினால் கடைப்பற்றும் அவரோடு கடல் கடந்துவிடும் அல்லவா?

இதே கெடாவில், பாலிங் வட்டாரத்தில், 1974இல் நடந்தது வேறு. அங்கு பால் வெட்டியோரில் பெரும்பாலார் சொந்தச் சிறு தோட்டம் வைத்திருந்த மலாய்க் குடியானவர்கள். அவர்களை வேலையிலிருந்து நீக்குவாரில்லை. திரும்பிப் போக வேறு ஊருமில்லை. ரப்பர் விலை சரிந்து அரிசி, மாவு, சர்க்கரை விலை ஏறியது. உழைப்பு குறையவில்லை; வருமானம் மட்டும் சுருங்கியது. அவ்வாண்டு நவம்பர், டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் பாலிங்கில் திரண்டு முறையிட்டனர்.

ஆக, ஒரே விலை வீழ்ச்சி பெருந்தோட்டத்தில் ஆளைக் குறைக்கிறது. சிறுதோட்டத்தில் மடியைக் குறைக்கிறது. விலை உயர்ந்தும் சங்கடம் வருவதுண்டு. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லைகள் மூடப்பட்டன. வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு நின்றது. 2021இல் செம்பனை எண்ணெய் விலை ஏறியிருந்தும், குலை வெட்ட ஆளின்றி நாட்டின் பல தோட்டங்கள் தவித்தன.

இதில் நமக்குள்ள பாடம் யாது? சந்தை விலையை மட்டும் பார்த்துப் பற்றுக் கொடுப்பதும் நிறுத்துவதும் விவேகமாகாது. வாடிக்கையாளர் கூலிக்காரரா, சொந்தத் தோட்டக்காரரா, இம்மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று விசாரித்தறிய வேண்டும். கைம்முதல் முழுவதையும் ஒரே தோட்டத்தாரின் பற்றில் முடக்கலாகாது. நெருக்கடியில் அரிசி பருப்புக்குப் பற்றுக் கொடுத்து, ஜவுளி முதலியவற்றை ரொக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

திருக்குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம், கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கப் பணிக்கிறது. தள்ளிக் கொடுப்பது இன்னும் மேலானது என்கிறது. 282ஆம் வசனமோ கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. எழுதாத இரக்கம் கடையை மூடும்; இரக்கமற்ற எழுத்து குடும்பங்களை அழிக்கும். இரண்டையும் கைக்கொள்வோமாக. அல்லாஹ் நம் ரிஜ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.