முன்வினையா, மரபணுவா?



ஒரு பிள்ளை குறையோடு பிறந்தால், "எல்லாம் முன்வினை"ன்னு நம்ம ஆளுங்க சட்டுனு சொல்லிடுவாங்க. பெற்ற தாய்க்கு அந்தச் சொல் எப்படி வலிக்கும்? அப்படிச் சொல்லிட்டு நகர்ந்து போகாத ஒரு மருத்துவரை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

அவர் வூ-லியாங் ஹூ. தைவான் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்தவர். அவர் ஆராய்ந்தது ஏ.ஏ.டி.சி. குறைபாடு என்ற அரிய நரம்பு நோய். ஏ.ஏ.டி.சி. என்பது ஒரு நொதி. மூளைக்குத் தேவையான டோபமைன், செரோடோனின் ரெண்டும் உருவாக அது வேணும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் நொதி சரியாக வேலை செய்யாது. கடுமையான நோயில் பிள்ளையால் தலையைக்கூட நிமிர்த்த முடியாது. கண்கள் மேலே செருகி மணிக்கணக்கில் நிற்கும். அதை வலிப்பு என்று தவறாக நினைப்பவர்களும் உண்டு.

மாத்திரை கொடுத்தா சரியாகாதா? இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மாத்திரைகள் பெரிதாக உதவவில்லை. ஆகவே ஹூவின் குழு நல்ல மரபணுவையே கொடுத்துப் பார்த்தது. நோய் உண்டாக்காத ஒரு வைரஸுக்குள் அதை வைத்து, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, அசைவுக்கு உதவும் புட்டாமென் பகுதியில் செலுத்தினார்கள். இங்கே வைரஸ் ஒரு தபால்காரர் மாதிரி.

2012-இல் முடிவுகள் வெளிவந்தன. சிகிச்சை பெற்றவர்கள் 4 முதல் 6 வயதுவரையிலான 4 பிள்ளைகள். நால்வருக்கும் எடை கூடியது. ஒரு பிள்ளை 16 மாதத்தில் எழுந்து நின்றது. மற்ற மூவரும் தாங்கிப் பிடித்தால் உட்கார்ந்தார்கள். "இவ்வளவுதானா?"ன்னு தோணலாம். கழுத்து நிற்காத பிள்ளையை வருஷக்கணக்கா தூக்கிச் சுமந்த அம்மாவைக் கேட்டால் தெரியும்.

சின்ன வயசிலேயே கொடுத்தால் பலன் கூடுதல் என்று பிறகு தெரிந்தது. அதனால், பிறந்த குழந்தையின் ரத்தச் சொட்டிலேயே நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையிலும் ஹூவும் அவருடைய சக மருத்துவர் யின்-சியூ சியெனும் உழைத்தார்கள். இந்தச் சிகிச்சைக்கு 2022-இல் ஐரோப்பிய ஒன்றியமும், 2024-இல் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன.

நம் சமயம் சொல்லும் வினை என்ற சொல்லுக்குச் செயல் என்றும் பொருள். அடுத்தவர் வீட்டுத் துன்பத்துக்குக் கணக்குச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதைக் கண்டபிறகு நாம் என்ன செய்கிறோமோ, அது நம் கணக்கில் சேரும்.

கலந்துரையாட:
1. அரிய நோயுள்ள பிள்ளை நம் வட்டாரத்தில் இருந்தால், அக்குடும்பத்துக்கு நம் இளைஞர் பிரிவு என்ன செய்யலாம்?
2. "முன்வினை" என்று யாராவது சொன்னால், மரியாதை குறையாமல் எப்படிப் பதில் சொல்வீர்கள்?